வைக்கோலுக்கு யூரியாவா, மாட்டுக்கு அகத்தியா?

தை அறுப்பு முடிந்து வைக்கோல் வீடு வந்து சேர்ந்ததும் ஆண்டுதோறும் என்னிடம் ஒரே கேள்விதான் வருகிறது: "போர் போட்டாயிற்று. அப்படியே பிடுங்கிப் போடுவதா, யூரியா தெளித்து மூடி வைப்பதா, மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) கலப்பதா?" கேட்பவர்கள் பெரும்பாலும் டெல்டாவில் இரண்டு மூன்று கறவை மாடு வைத்திருப்பவர்கள். பயிற்சி முகாமுக்குப் போய்வந்த ஆண்கள் யூரியா என்றதும் உற்சாகமாகிறார்கள். வீட்டுப் பெண்கள் "விஷம் வைக்கச் சொல்கிறார்களே" என்று முகம் சுளிக்கிறார்கள். தினமும் தொட்டியில் தீவனம் வைப்பது யார் என்று பார்த்தால், அந்தச் சுளிப்புக்குத்தான் நான் கூடுதல் மதிப்புத் தருவேன்.

யூரியா முறை புதிதல்ல. ஜெர்மனியில் பெக்மன் என்பவர் 1921இலேயே வைக்கோலைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கழுவும் முறையைச் சொல்லிவிட்டார். காஸ்டிக் சோடாவின் இடத்துக்கு யூரியா வந்ததும் 1980களில் இலங்கை, வங்கதேசம், இந்தியா எங்கும் அதைப் பரப்ப முயன்றார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சி மன்றமும் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகமும் கூட்டாகப் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தன. முறை வேலை செய்கிறது, ஆனால் எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாவதில்லை என்பதுதான் அந்த அனுபவத்தின் சாரம். எந்த வீட்டுக்குக் கட்டும், எந்த வீட்டுக்குக் கட்டாது என்பதைப் பார்ப்போம்.

## வைக்கோலில் என்ன குறை?

நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். மாட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யத் தீவனத்தில் ஏறக்குறைய 7 சதவீதப் புரதமாவது வேண்டும். அது இல்லாததால் நார் மெதுவாகக் கரைகிறது. வயிறு நிறைந்தே கிடப்பதால் மாடு அடுத்த கவளத்துக்கு வாய் வைப்பதில்லை. நாம் "வைக்கோல் தின்ன மாட்டேன் என்கிறது" என்று மாட்டைக் குறை சொல்கிறோம்.

இரண்டாவது குறை, நாரைச் சிமெண்டுப் பூச்சுபோல இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின். மூன்றாவது, கைகளைக் கீறும் அந்தச் சிலிக்கா. நான்காவது, சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும் ஆக்சலேட். கீழே சொல்லப்போகும் எந்த முறையும் இந்த நான்கையும் சேர்த்துத் தீர்ப்பதில்லை. ஆகவே எந்த வழியில் போனாலும் கறவை மாட்டுக்குத் தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை தனிச் செலவுதான்.

## முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

மாடு எவ்வளவு கறக்கிறது என்பது முதல் கேள்வி. வற்றிப்போன மாட்டுக்கும், நாளுக்கு ஆறு லிட்டர் கறக்கும் மாட்டுக்கும், பதினைந்து லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவுக்கும் ஒரே பதில் கிடையாது. அடுத்தது, வைக்கோல் சொந்தமா, விலைக்கா, எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்பது. மூன்றாவது, பசுந்தீவனம் எந்தெந்த மாதங்களில் கிடைக்காது. நான்காவது, தண்ணீரும் ஆளும். கடைசியாக, வீட்டில் யூரியாவைக் கவனமாகக் கையாளும் ஒருவர் எப்போதும் இருப்பாரா? இந்தக் கடைசிக் கேள்வியை முகாம்களில் யாரும் கேட்பதில்லை. நான் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

## 1. நறுக்கி நனைத்துப் போடுவது

இதில் சத்து கூடுவதில்லை, சேதம் குறைகிறது. முழு வைக்கோலை இழுத்துக் கீழே போட்டு, மிதித்து, அதன்மேலேயே சாணம் போடுவது மாட்டின் வழக்கம். இரண்டு மூன்று விரற்கடை நீளத்துக்கு நறுக்கித் தொட்டியில் வைத்தால் அது பெருமளவு நின்றுவிடும். தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் தூசு போகும், ஆக்சலேட்டிலும் ஒரு பகுதி கரைந்து போகும். கழுநீரும் ஒரு கை உப்பும் தெளித்தால் மாடு கூடுதலாகத் தின்னும்.

மாவுபோல அரைத்துப் போடக்கூடாது. அரைத்தது பெருவயிற்றில் தங்காமல் நழுவிப் போய்விடும், பாலின் கொழுப்பும் இறங்கும்.

மறைந்திருக்கும் செலவு நறுக்கும் இயந்திரத்தில் இல்லை, வைக்கோல் கட்டுக்குள் இருக்கிறது. இப்போது கையறுப்பு அரிது. அறுவடை இயந்திரம் போட்டுவிட்டுப் போனதைக் கட்டுக் கட்டும் இயந்திரம் சுருட்டித் தருகிறது. அந்த உருளைக் கட்டில் வயல் மண்ணும் சேர்ந்தே வரும். நைலான் கயிற்றை அவசரத்தில் அறுத்துவிட்டு அப்படியே நறுக்கினால் கயிறும் துண்டு துண்டாக மாட்டின் வயிற்றுக்குள் போகும், அது வெளியே வராது. எங்கள் கொட்டகைத் தூணில் ஓர் ஆணி அடித்து, ஒவ்வொரு கட்டின் கயிறும் அதில் தொங்கினால்தான் நறுக்கத் தொடங்குவது என்று வைத்திருக்கிறோம்.

வற்றிய மாடு, உழவு மாடு, நல்ல பசும்புல் கிடைக்கும் வீடு ஆகியவற்றுக்கு இதுவே போதும்.

## 2. யூரியா ஊட்டமேற்றுவது

100 கிலோ வைக்கோல், 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் தண்ணீர், 21 நாள். குடக் கணக்கில் சொன்னால் நாலு குடம். யூரியா முழுவதும் கரைந்த பிறகு, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, பூவாளியால் எல்லா இடத்திலும் படும்படி தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூட வேண்டும். உள்ளே யூரியா உடைந்து அம்மோனியா ஆகிறது. அம்மோனியா நாரை ஊதிப் பெருக்கி, லிக்னின் பிடியைத் தளர்த்துகிறது, கூடவே நைட்ரஜனையும் விட்டுச் செல்கிறது. புரதக் கணக்கு 3.5 சதவீதத்திலிருந்து 7, 8 சதவீதத்துக்கு ஏறும். செரிமானமும் கூடும், மாடு தின்னும் அளவும் கூடும்.

இது பாடப்புத்தகம். இனி கொட்டகை. மூன்று மாடு, ஒரு மாட்டுக்கு நாளுக்கு 7 கிலோ என்றால் 21 நாளைக்கு 440 கிலோ. நன்றாக மிதித்தால் ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 100 கிலோ நிற்கும். எனவே நாலரைக் கன மீட்டர் கொண்ட அறை வேண்டும், அதுவும் இரண்டு. ஒன்றிலிருந்து எடுத்துப் போடும்போது மற்றது ஊற வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பதினெட்டுக் கிலோ யூரியா, பதினேழு பதினெட்டுக் குடம் தண்ணீர், இரண்டு ஆளுக்கு அரை நாள் வேலை. 45 கிலோ மூட்டை ஏறக்குறைய 266 ரூபாய் என்பதால் யூரியாவுக்கு ஆகும் பணம் 100 கிலோ வைக்கோலுக்கு 24 ரூபாய்க்குள்தான். பார்க்க மிக மலிவு. ஆனால் தார்ப்பாய் ஒரு பருவத்தில் கிழியும், எலி ஓட்டை போடும், ஓட்டை வழியே அம்மோனியாவோடு உங்கள் உழைப்பும் போகும். சம்பாவுக்கு மேலுரம் போடும் நாட்களில் கூட்டுறவுச் சங்கத்தில் வரிசையில் நின்று வாங்கிய மூட்டையை வைக்கோலுக்குப் பிரிக்க எந்தக் கைக்கு மனம் வரும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தெளித்த நைட்ரஜனில் பாதிக்கு மேல் திறந்ததும் காற்றில் போய்விடும். அதைத் தடுக்கவும் கூடாது. எடுத்த வைக்கோலை ஒரு மணி நேரமாவது பரப்பி ஆறவிட்டுத்தான் போட வேண்டும்.

முதல்முறை நாங்கள் அறையைத் திறந்தபோது கண்ணில் மிளகாய்த்தூள் விழுந்ததுபோல் எரிந்தது. வைக்கோல் மஞ்சள் நிறம் மாறித் தேன் நிறத்தில் இருந்தது. கையில் எடுத்தால் கீறவில்லை, மெத்தென்று வளைந்தது. பெருமையோடு தொட்டியில் வைத்தேன். எங்கள் பசு சிவப்பி முகர்ந்தாள், தும்மினாள், தலையைத் திருப்பிக்கொண்டாள். மூன்று நாள் அதே கதை. "பட்டினி போட்டா பழக்குவாய்?" என்று அம்மா அதட்டிவிட்டு, அரைக் கிலோவைப் பழைய வைக்கோலுடன் பிசறி, மேலே தவிடு தூவி வைத்தார். பத்தாம் நாள் சிவப்பி தொட்டியின் அடிவரை நக்கிக் காலி செய்தாள். பால் நாளுக்கு அரை லிட்டர் ஏறியது. அந்த அரை லிட்டருக்கு ஆன வேலையையும் நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஆபத்து. ஊட்டமேற்றிய வைக்கோலைவிட அதைத் தயாரிக்கும் நாள்தான் ஆபத்தானது. யூரியா கரைத்த வாளியைக் கட்டவிழ்ந்த கன்று குடித்துவிட்டால் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வயிறு ஊதும், நுரை தள்ளும், உடல் நடுங்கும், விழும். எங்கள் தெருவில் ஒரு கிடாரி அப்படிப் போயிற்று. வளர்ந்த மாடாக இருந்தால் 2 முதல் 4 லிட்டர் வினிகரும் நிறையக் குளிர்ந்த நீரும் புரையேறாமல் புகட்டிக்கொண்டே மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு ஊட்டமேற்றிய வைக்கோல் வேண்டாம். திறக்கும்போது அம்மோனியா நெடி இல்லாமல் பூஞ்சை வாடையோ அழுகல் வாடையோ வந்தால் அந்தப் பகுதியை எருக்குழிக்கு அனுப்புங்கள்.

சிலர் "சத்து கூடட்டும்" என்று மொலாசஸையும் சேர்த்துத் தெளித்து மூடுகிறார்கள். செய்யாதீர்கள். சர்க்கரையும் அம்மோனியாவும் மூடிய இடத்தில் சேர்ந்தால் மாட்டுக்கு வெறிபிடித்ததுபோன்ற கலக்கத்தை உண்டாக்கும் நச்சு உருவாகக்கூடும். தாய்ப்பால் வழியே அது கன்றையும் பாதிக்கும். இனிப்பான பச்சைத் தட்டை, பயறு, கடலைக்கொடி ஆகியவற்றுக்கு யூரியா போட வேண்டாம் என்பதற்கும் இது ஒரு காரணம். இன்னொரு காரணம், கடலைக்கொடியில் ஏற்கனவே வைக்கோலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. உலர்த்தி, இலை உதிராமல் சேமித்தாலே போதும்.

## 3. மொலாசஸ் தெளிப்பும் நக்குக் கட்டியும்

100 கிலோ வைக்கோலுக்கு 10 கிலோ மொலாசஸ், ஒரு கிலோ யூரியா, ஒரு கிலோ தாது உப்பு, ஒரு கிலோ உப்பு எல்லாம் தண்ணீரில் கரைத்துத் தெளித்து அன்றே போடுவது ஒரு முறை. காத்திருப்பு இல்லை, அறை வேண்டாம், மாடு முதல் நாளே ஆசையாகத் தின்னும். ஆனால் லிக்னின் பிடி அப்படியே இருக்கும். நுண்ணுயிர்களுக்குச் சர்க்கரையும் நைட்ரஜனும் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

எனக்கு இதில் இரண்டு தயக்கம். ஒன்று, ஆலை மொலாசஸ் மதுவிலக்கு ஆயத்தீர்வைக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள், இரண்டு மாட்டுக்காரர் குடத்தோடு போய் வாங்கிவர முடியாது. இடைத்தரகர் விலைக்கு வாங்கினால் கணக்கு உதைக்கும். இரண்டு, கலவை ஒழுங்காகப் பரவாவிட்டால் யூரியா கரைசல் தொட்டியின் அடியில் தேங்கும், அதைக் குடிக்கும் மாடு பிழைப்பது அரிது.

நக்குக் கட்டி இந்த இரண்டாவது ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. மொலாசஸ், யூரியா, தாது உப்பு, புண்ணாக்கு சேர்த்து இறுகச் செய்த மூன்று கிலோ கட்டியைத் தொட்டியருகே வைத்தால் மாடு நாளுக்கு அரைக் கிலோவுக்குள் நக்கும். மழையில் நனைந்து இளகிய கட்டியை மட்டும் வைக்காதீர்கள், கடித்தே தின்றுவிடும். கோடையில் மேய்ச்சலுக்குப் போய் வைக்கோலோடு திரும்பும் மாடுகளுக்கும், ஆள் குறைவான வீடுகளுக்கும் இது ஏற்றது.

## 4. வைக்கோலைத் தொடாமல் பக்கத்தில் சேர்ப்பது

இந்த வழியை யாரும் "பதப்படுத்துதல்" என்று சொல்வதில்லை. ஆனால் நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான். வைக்கோலை மாற்றாமல், வைக்கோலில் இல்லாததை வேறு எதிலிருந்தாவது கொடுப்பது.

சிறு கணக்கு. 7 கிலோ வைக்கோலில் யூரியா ஏற்றிக் கொடுப்பது 4 சதவீதம் கூடுதல் புரதம், அதாவது 280 கிராம். அதே 280 கிராம் சுமார் 650 கிராம் கடலைப் புண்ணாக்கில் இருக்கிறது. பச்சை அகத்திக்கீரையில் எடுத்தால் ஏறக்குறைய 5 கிலோ. புண்ணாக்கு, அகத்திப் புரதம் உண்மையான புரதம். யூரியாவினுடையது நைட்ரஜன் கணக்கு மட்டுமே, அதை நுண்ணுயிர்கள் புரதமாக்கிக்கொள்ள வேண்டும். யூரியாவின் பக்கம் நிற்கும் நியாயம், நாரின் செரிமானமும் கூடுகிறது என்பது. இரண்டையும் தட்டில் வைத்து, உங்கள் ஊர்ப் புண்ணாக்கு விலையைப் போட்டுப் பாருங்கள். புண்ணாக்கு விலை ஏறஏற யூரியாவின் பக்கம் சாயும். வரப்பில் அகத்தி நிற்கும் வீட்டில் மறுபக்கம் சாயும்.

மறைந்திருக்கும் செலவு இதிலும் உண்டு. ஈரத்தில் இருந்த புண்ணாக்கில் பூஞ்சை நச்சு வரும், அது பாலிலும் இறங்கும். அகத்தியை ஆட்டிடமிருந்து காப்பாற்ற வேண்டும், மொட்டை அடித்துக்கொண்டே இருந்தால் மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகும். வேலிமசால் புரதம் மிகுந்த நல்ல தீவனப் பயிர், 40 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் தாழ்வான இடத்தில் அழுகிவிடும். மேட்டுக் கொல்லையிலோ வரப்பு மேலோதான் வர வேண்டும். சூபாபுல் என்ற தீவன மரத்தின் தழையைப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு ஒத்துக்கொள்ளாது.

## 5. ஊறுகாய்ப்புல்: வைக்கோலுக்கு இல்லை

"வைக்கோலை சைலேஜ் போடலாமா?" என்று கேட்பவர்கள் இரண்டு முறைகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். சைலேஜ், அதாவது ஊறுகாய்ப்புல், பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்துச் சேமிப்பது. அதற்குச் சர்க்கரையும் 65 முதல் 70 சதவீத ஈரமும் வேண்டும். காய்ந்த வைக்கோலில் இரண்டும் இல்லை. கரும்பு வெட்டும்போது தள்ளப்படும் கொழுந்தாடையும், கதிர் பறித்ததும் பச்சையாக நிற்கும் மக்காச்சோளத் தட்டையும்தான் இதற்குரியவை. பொடியாக நறுக்கி, காற்று வெளியேற மிதித்து மூடினால் 30 முதல் 45 நாளில் தயார். சாறு அதிகமாக வடிந்தால் அடியில் ஓர் அடுக்கு வைக்கோல் போட்டு உறிஞ்சவிடலாம். வைக்கோலுக்கு இதில் அந்த வேலை மட்டும்தான்.

சிப்பிக் காளான் எடுத்த வைக்கோலை மாட்டுக்குப் போடுவது பற்றியும் கேட்கிறார்கள். பூஞ்சை லிக்னினைத் தின்பது உண்மை. கூடவே நல்ல சத்தையும் தின்றுவிட்டுச் சாம்பல் பங்கை உயர்த்திவிடும். கறுத்த, பச்சை பூத்த படுக்கை எதுவும் தொழுவத்துக்கு வரக்கூடாது. நான் அதை எருவாகவே பார்க்கிறேன்.

## ஒரே பார்வையில்

| வழி | கைப்பணம் | ஆள்வேலை | காத்திருப்பு | ஆபத்து | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| நறுக்கி நனைத்தல் | இயந்திரம் ஒருமுறை | தினமும் கொஞ்சம் | இல்லை | கட்டுக் கயிறு | வற்றிய மாடு, பசும்புல் உள்ள வீடு |
| யூரியா ஊட்டம் | யூரியா மலிவு, அறையும் தார்ப்பாயும் தனி | மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதிகம் | 21 நாள் | யூரியா கரைசல் | பசுந்தீவனம் இல்லாத மாதம், 4–8 லிட்டர் கறவை |
| மொலாசஸ் தெளிப்பு | மொலாசஸ் விலையைப் பொறுத்தது | நடுத்தரம் | இல்லை | அடியில் தேங்கும் கரைசல் | ஆலைக்கு அருகே, வறட்சிக் காலம் |
| நக்குக் கட்டி | கட்டியின் விலை | மிகக் குறைவு | இல்லை | நனைந்த கட்டி | மேய்ச்சல் மாடு |
| அகத்தி, வேலிமசால், புண்ணாக்கு | புண்ணாக்கு கூடுதல், தழை குறைவு | தழை பறிக்கத் தினமும் | செடி வளரும் வரை | புண்ணாக்குப் பூஞ்சை | பெரும்பாலான இரண்டு மூன்று மாட்டு வீடுகள் |

## யார் எதை எடுக்கலாம்?

பதினைந்து லிட்டர் கறக்கும் பசு இருக்கிறதா? வைக்கோலை எப்படிப் பதப்படுத்தினாலும் அதன் பசிக்குப் போதாது. அதற்கு கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் தீவனப்புல்லும், தவிடு, புண்ணாக்கு போன்ற அடர்தீவனமும்தான். வைக்கோல் அங்கே வயிற்றை நிரப்பும் துணை மட்டுமே. அந்த வீட்டில் யூரியா அறை கட்டுவது வீண்செலவு.

வரப்பில் பத்து அகத்தி மரமும் ஒரு மேட்டுக் கொல்லையும் உள்ளவர் நறுக்கிய வைக்கோலும் தழையும் தாது உப்புமாகப் போகலாம்.

சொந்த வைக்கோல் நிறைய, கோடையில் ஒரு பச்சை இலை இல்லை, நடுத்தரக் கறவை, வீட்டில் கவனமான இரண்டு பேர், கைபம்பில் தண்ணீர்: இந்த ஐந்தும் சேர்ந்தால் யூரியா ஊட்டம் நிச்சயம் கட்டும். நாலு இருந்தாலும் முயலலாம். கவனமான ஆள் இல்லையென்றால் மற்ற நாலும் இருந்தும் வேண்டாம். வைக்கோலை விலைக்கு வாங்குபவர் அந்தப் பணத்தில் கடலைக்கொடியோ சோளத்தட்டையோ கிடைக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். தொடங்குவதாக இருந்தால் 440 கிலோவில் தொடங்காதீர்கள். 100 கிலோ, ஒரே ஒரு மாடு, ஒரு மாதம். பால் அளந்த நோட்டை வைத்துக்கொண்டு பிறகு அறை கட்டுவதைப் பேசலாம்.

யூரியாவுக்குப் போட்டியே இல்லாத இடம் ஒன்று உண்டு. குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு வரும். நனைந்த வைக்கோல் இரண்டே நாளில் உள்ளே சுட்டு, பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். அதை நனைந்த அன்றே, கூடுதல் தண்ணீர் அதிகம் ஊற்றாமல், யூரியாவைக் கொஞ்சம் நீரில் கரைத்துத் தெளித்து மூடிவிட்டால் அம்மோனியா பூஞ்சையை அண்டவிடாது. எருக்குழிக்குப் போக இருந்தது தீவனமாகிவிடும்.

எங்கள் வீட்டு இரண்டு அறைகளில் ஒன்றில் இப்போது நறுக்கிய காய்ந்த வைக்கோல்தான் இருக்கிறது. மற்றதைப் புரட்டாசி வரை பூட்டி, சாவியை அம்மா வைத்திருக்கிறார். யூரியா மூட்டையும் அதற்குள்தான்.